மறுபக்கத்து மைனி

கல்யாண மண்டபத்தில் முதல் பந்திக்கு இடம் பிடிக்கிறவர்கள் ஒரு ரகம். மொய் எழுதிய கையோடு பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் இன்னொரு ரகம். தூத்துக்குடி வட்டாரத்தில் மூன்றாவது ரகம் ஒன்று பெருகி வருகிறது. அவருக்கு மறுபக்கத்து மைனி என்று பெயர் வைக்கலாம். அண்ணன் மனைவியை மைனி என்று அழைக்கிற ஊர் இது. அந்த உறவுக்குரிய உரிமை முழுவதையும் எடுத்துக்கொண்டுதான் அவர் மணமேடைக்கு வருவார். மணப்பெண்ணின் முகத்தைப் பார்ப்பதெல்லாம் பிறகு. வாழ்த்துவதுபோல முழங்கைக்கு மேலே பிடித்து, ஜாக்கெட் கையின் ஓரத்தை இரண்டு விரலால் மடக்கி, லைனிங்கை நகத்தால் நெம்பி, பூவேலையின் உள்பக்கத்தை ஒரு கணத்தில் பார்த்துவிடுவார். வெள்ளை நூல் சீராக ஓடியிருந்தால் தீர்ப்பு அங்கேயே வந்துவிடும்: “ஏட்டி, இது கம்ப்யூட்டர்ல அடிச்சதுல்லா!” கள்ளநோட்டு அடித்தவனைப் பிடித்த போலீஸ்காரரின் தொனி அந்த ‘அடிச்சது’க்குள் இருக்கும். மாறாக, உள்பக்கம் முடிச்சும் பசையும் பிசிறுமாகக் கிடந்தால் முகம் மலர்ந்து, “கைவேலை!” என்பார். அலங்கோலத்துக்குப் பாராட்டு கிடைப்பது ஆரி ஜாக்கெட்டின் உள்பக்கத்தில் மட்டும்தான்.

மைனிக்கு இயந்திரங்கள்மேல் பகை என்று நினைத்தால் தவறு. மாவு கிரைண்டரில் அரைபடுகிறது. மெக்ரூனுக்கு முட்டையின் வெள்ளைக்கருவை மெஷின் அடித்தது என்பதற்காக அவர் ஒரு துண்டைக்கூட ஒதுக்கியதில்லை. அவர் வீட்டு மூலையில் காலால் மிதிக்கிற தையல் மெஷின் ஒன்று, துணியுறை போட்டு, கிட்டத்தட்ட சாமி படத்துக்குச் சமமான மரியாதையோடு நிற்கிறது. பழைய சேலைகளை நாலாக மடித்து அடுக்கி, அந்த மெஷினில் குறுக்கும் நெடுக்கும் ஓட்டிக் கைக்குழந்தைக்குப் போர்வை தைத்தால், அது மைனியின் அகராதியில் ‘கையால தைச்சது’. அதே போர்வையின் மூலையில் கடைக்காரர் கம்ப்யூட்டர் மெஷினில் ஒரு யானைக்குட்டியைப் போட்டுக் கொடுத்தால், ‘ரெடிமேடு’. இரண்டிலும் ஊசியை ஓட்டியது மெஷின்தான். இங்கேதான் மைனியின் சித்தாந்தம் முழுவதும் இருக்கிறது: தன்னிடம் இருக்கும் மெஷின் கையின் ஒரு பகுதி, அதற்கு அடுத்து வந்த மெஷின்தான் மெஷின். கைக்கும் இயந்திரத்துக்கும் நடுவே அவர் போடுகிற கோடு, அவர் கடைசியாக வாங்கிய பொருளுக்கு ஒரு அடி தள்ளித்தான் எப்போதும் விழுகிறது.

அந்தக் கோட்டுக்குப் பாரம்பரியம் என்று பெயர் சூட்டுவதும் அவர் வழக்கம். ஆனால் இந்தக் கரையின் ஊசிவேலைக்குள் கொஞ்சம் போய்ப் பார்த்தால் பாரம்பரியம் நழுவிக்கொண்டே போகும். ஆரி என்ற சொல்லே வடக்கிலிருந்து வந்தது; செருப்புத் தைப்பவர் தோலில் குத்துகிற கொக்கியூசிதான் அது. கட்ச்சில் தோல்வேலை செய்த மோச்சிகள் அதைக் கொண்டு பட்டில் சங்கிலித் தையல் போட்டார்கள். முத்துநகரின் தெருவுக்குத் தெரு ‘ஆரி ஒர்க் கற்றுத்தரப்படும்’ என்று பலகை தொங்குவது நேற்றைய கதை. சரி, நம் பக்கத்து லேஸ் வேலை பழையதாயிற்றே என்று கேட்கலாம். நாகர்கோவிலில் 1820கள் வாக்கில் அதைப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் மிஷனரி மனைவியான மார்த்தா மால்ட். அவருடைய மகள் எலைசா, கால்டுவெல்லை மணந்து வந்து இடையன்குடியில் அதையே தொடர்ந்தார். அன்றைக்கு அதுவும் கப்பலில் வந்த புதுமை. நூலாவது நம்முடையதா? 1888இல் ஹார்வி சகோதரர்கள் தூத்துக்குடியில் தொடங்கிய கோரல் மில்லில் பஞ்சு நூலானது இயந்திரத்தில், 1908இல் வ.உ.சி. தலைமையில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததும் அந்த இயந்திரங்களை நிறுத்தித்தான். ராட்டையில் கையால் நூற்ற நூலில், கொல்லன் அடித்த ஊசியால் தைத்த ஜாக்கெட்டைத்தான் உடுத்துவேன் என்று மைனி சபதம் செய்தால், மண்டபத்துக்கு அவர் போர்வை போர்த்திக்கொண்டுதான் வர வேண்டியிருக்கும். அந்தப் போர்வையும் மெஷினில் தைத்தது.

மைனிகள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள் என்பது ஓர் ஆறுதல். ஒட்டுத்துணிப் போர்வை தைப்பதை ஒரு கலையாகவே வளர்த்த அமெரிக்காவில், தையல் மெஷின் புதிதாக வந்த 19ஆம் நூற்றாண்டில், மெஷின் தையலை எல்லோர் கண்ணிலும் படும்படி போர்வையின் மேல்பக்கத்திலேயே ஓட்டிக் காட்டிய பெண்கள் உண்டு. மெஷின் வாங்க வசதி இருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. பிறகு மெஷின் மலிந்தது. உடனே கைத்தையல் உயர்ந்தது. 1989இல் கென்டக்கி மாநிலத்துப் பாடூகா நகரப் போட்டியில் கேரல் பிரையர் ஃபாலர்ட் மெஷினில் தைத்த போர்வை முதல் பரிசு பெற்றபோது, கைத்தையல்காரர்களுக்கு அது பொறுக்கவில்லை. துணி மாறவில்லை, ஊசி மாறவில்லை. மெஷின் யார் யார் வீட்டில் இருக்கிறது என்பது மட்டுமே மாறியிருந்தது. மெஷின் பூவேலை ஒன்றும் கம்ப்யூட்டரோடு பிறந்ததில்லை. சுவிட்சர்லாந்தில் ஐசக் க்ரோப்லி 1863இல் உருவாக்கிய பூவேலை இயந்திரத்துக்கு, உள்ளே ஓடும் நாடாவின் வடிவத்தைப் பார்த்து, ‘குட்டிப் படகு’ என்ற பொருளில் ஷிஃப்லி என்று பெயர் வைத்தார்கள். தோணி கட்டும் ஊர்க்காரர்களுக்கு அந்த மெஷின்மேல் கொஞ்சமாவது பாசம் வந்திருக்க வேண்டும்.

இந்த வழக்கைத் தூத்துக்குடி வேறொரு பொருளின் பேரில் ஏற்கெனவே நடத்தி முடித்துவிட்டது. ஜப்பானில் மிக்கிமோட்டோ 1893இல் சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டினார். வளர்ப்பு முத்து 1920களில் ஐரோப்பியச் சந்தைக்கு வந்தபோது நகை வியாபாரிகள் போலி, போலி என்று அலறினார்கள். மேலே பார்த்து அவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஊடுகதிர் செலுத்தி உள்ளே மணி இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. லைனிங்கை நெம்பும் நகத்துக்கு அதுதான் விஞ்ஞான வடிவம். நம் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். தூத்துக்குடியிலேயே மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் 1973இல் வளர்ப்பு முத்தை உருவாக்கினார்கள். இன்று வளர்ப்பு முத்துமாலை போட்டுக்கொள்ள யாரும் கூசுவதில்லை, மைனியும்தான். அது போலி இல்லை, சிப்பி தன் வேலையைச் செய்திருக்கிறது, மனிதன் தொடங்கி வைத்தான், அவ்வளவுதான் என்பதை ஊர் ஒப்புக்கொண்டது. கம்ப்யூட்டர் பூவேலைக்கு மட்டும் அந்தச் சலுகை இன்னும் கிடைக்கவில்லை.

மைனியின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. கைவேலையும் மெஷின்வேலையும் ஒன்றுதான் என்று யாரும் சொல்ல முடியாது. கல், மணி, ஜர்தோசி எல்லாம் ஏறி உட்காருகிற கனமான கழுத்து வேலையில் ஆரியின் கை வேறு. மெஷினால் அதை நெருங்க முடியவில்லை. மெஷினில் போட்டதைக் கைவேலை என்று சொல்லிக் கைவேலைக் காசு வாங்கினால் அது மோசடி. கடையில் வாங்குமுன் துணியைத் திருப்பிப் பார்க்கிற மைனி ஊருக்கு உபகாரி. அந்த நகத்துக்கு மாலை போடலாம். மண்டபத்தில் அந்த நகத்துக்கு வேலை இல்லை, அங்கே யாரும் எதையும் விற்கவில்லை. கைவேலை என்பதாலேயே உறுதி என்ற நம்பிக்கையும் முழுக்கச் சரியில்லை. ஆரியின் சங்கிலித் தையலில் கடைசி நுனி அவிழ்ந்து இழுபட்டால் வரிசை முழுவதும் கையோடு வந்துவிடும். உள்பக்கத்தில் பசை தடவுவது அதற்காகத்தான். மைனி கலைநயம் என்று பார்த்து மலர்ந்தாரே, அந்தப் பசை.

மிச்சமிருக்கும் பெரிய ஆட்சேபம் உழைப்பைப் பற்றியது. சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, நாள்கணக்கில் குனிந்து, கண்ணைக் கெடுத்துக்கொண்டு வேலை செய்கிற பெண்ணின் பிழைப்பை மெஷின் பறிக்கிறதே என்பார்கள். கனமான கேள்வி, விளையாட்டாகத் தட்டிவிட முடியாது. ஆனால் அதை மைனி கேட்கும்போது மட்டும் சிரிப்பு வருகிறது. அடுத்தவள் ஜாக்கெட்டில் இருக்கும்போது தெய்வீகமாக இருந்த கைவேலை, தன் ஜாக்கெட்டுக்குக் கூலி பேசும்போது, “ஊசி நூல் வேலதானம்மா, இதுக்கு இவ்வளவா?” என்று சுருங்கிவிடுகிறது. அந்தப் பெண்ணுக்குப் போட்டி மெஷின் மட்டும் என்று எப்படிச் சொல்வது? பேரம் அதற்கு முன்பே வந்துவிட்டது. கம்ப்யூட்டர் மெஷின் முன்னால் நிற்கிறவரும் சும்மா நிற்கவில்லை. படத்தைத் தையலாகப் பிரிக்க வேண்டும், எந்தத் திசையில் எவ்வளவு நெருக்கமாக ஓட வேண்டும் என்று தீர்மானிக்க வேண்டும், பட்டு சுருங்காமல் சட்டத்தில் பூட்ட வேண்டும், நூல் அறுகிறபோதெல்லாம் ஓடிப்போய்க் கோக்க வேண்டும். அவருக்கும் முதுகு வலிக்கிறது. பல கடைகளில் காலையில் மெஷினும் மாலையில் ஆரியும் ஒரே ஆள் கையில்தான். மைனி வகுத்த இரண்டு கட்சிக்கும் அவரே உறுப்பினர்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மைனியின் சொந்த ஆரி ஜாக்கெட்டில் பளபளக்கிற முத்துகளை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. பார்த்தால், பாண்டியர் காலத்திலிருந்து உலகத்துக்கு முத்து அனுப்பிய கரையில், கையால் ஒவ்வொன்றாகக் கோத்துத் தைத்த அத்தனையும் பிளாஸ்டிக் என்பது தெரியவரும்.

அடுத்த முகூர்த்தத்தில் அவர் உங்கள் கையைப் பிடித்து ஓரத்தை மடக்கினால் கோபப்படாதீர்கள், நன்றாகவே காட்டுங்கள். பார்த்து முடித்ததும் ஒன்றே ஒன்று கேளுங்கள்: “மைனி, உங்க ஜாக்கெட்டுக்கு ஆரி போட்ட பிள்ளை பேரு என்ன?” கடையின் பெயரைச் சொல்வார்.