கவுன்சிலும் கோரமும்: பாம்பன் கரையிலிருந்து ஓர் ஆய்வு

தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் தன் பொதுக்கூட்டங்களை எவ்வாறு நடத்துகிறது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுக் கேள்வி. நெடுநாள் தேடலுக்குப் பின் கிடைத்த விடை: நடத்துவதில்லை. மைக் கட்டி, நாற்காலி போட்டு, பொதுமக்களே வந்து பேசுங்கள் என்று அழைக்கும் வழக்கம் அதற்குக் கிடையாது. சட்டமும் அப்படிக் கேட்கவில்லை. வேறொருவர் என்றால் இத்தோடு பேனாவை மூடியிருப்பார். ஆனால், இல்லாத பொருளை ஆராய்வதில் ஒரு சௌகரியம் உண்டு. தரவு தவறு என்று யாரும் எழுந்து நிற்க முடியாது.

எந்தக் கூட்டத்தைப் பற்றி எழுதினாலும் உத்திரமேரூர்க் கல்வெட்டையும் குடவோலையையும் குறிப்பிடாவிட்டால் இந்த மாநிலத்தில் ஆய்வு என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். குறிப்பிட்டாயிற்று. இனி விஷயத்துக்கு வரலாம்.

முதல் சான்று ஜாதகம். பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது 1914 பிப்ரவரி 24. இன்றைய கவுன்சிலுக்குத் தாய்ச் சட்டமான சென்னை மருத்துவப் பதிவுச் சட்டம் வந்ததும் அதே 1914. ஒரே வருஷத்துப் பிள்ளைகள். குணமும் ஒத்துப்போக வேண்டும் என்பது எங்கள் கருதுகோள். பழைய பாலத்தின் நடுவில் இரண்டு இறக்கைகள் இருந்தன. கப்பல் வரும் நாளில் இந்தப் பக்கம் சிலர், அந்தப் பக்கம் சிலர் நின்று கையாலேயே சுற்றி அவற்றைத் தூக்குவார்கள். கப்பல் கடந்ததும் மறுபடி இறக்குவார்கள். மோட்டார் கிடையாது, மனித முதுகுதான். அதாவது, போக வேண்டியவர் வந்து நின்றால் திறக்கும் பாலம் அது. அதன் உடன்பிறப்புக்கோ கதவு ஒன்றுதான். டாக்டர்கள் பதிவு செய்துகொள்ள அது திறக்கும். அவர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் உறுப்பினர்களும் அரசு நியமிக்கும் உறுப்பினர்களும் உள்ளே போய் உட்காரத் திறக்கும். நோயாளிக்கு என்று தூக்கும் இறக்கை கிடையாது. தபால்பெட்டி உண்டு.

ஒற்றுமையும் இல்லாமல் இல்லை. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை ரயிலோடு விழுங்கிவிட்டுப் பாலத்தையும் பிய்த்துப் போட்டபோது, சரிசெய்ய ரயில்வே முதலில் வைத்த கெடு ஆறு மாதம். டாக்டர்மேல் வரும் புகாரை முடிக்க 2002-ஆம் ஆண்டு மருத்துவ ஒழுக்க விதிகள் வைத்த கெடுவும் ஆறு மாதம். இவ்வளவு நெருங்கிய பொருத்தம் ஆய்வுலகில் அபூர்வம். பாலத்தில்தான் கதை கெட்டுப்போனது. ஸ்ரீதரன் என்கிற இளம் பொறியாளர் கடலுக்குள் விழுந்த கர்டர்களைத் தேடி எடுக்க வைத்து 46 நாளில் ரயில் ஓட்டிவிட்டார். புகாருக்கு அப்படியொரு ஸ்ரீதரன் வாய்த்த செய்தி இந்தக் கரைக்கு இன்னும் வரவில்லை. 2025 ஏப்ரல் 6-ல் புதுப் பாலமும் வந்துவிட்டது. 72.5 மீட்டர் நீளத் துண்டு ஒன்று லிஃப்ட் போல நேரே 17 மீட்டர் மேலே போகிறது. அண்ணன் திறக்கிற முறையையே மாற்றிக்கொண்டுவிட்டார். தம்பி 2019-ல் வந்த தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் நிழலுக்குள் ஒதுங்கினார். அந்தச் சட்டப்படி கவுன்சிலின் தீர்ப்பு பிடிக்காத டாக்டர் மேல்முறையீடு செய்யலாம். தீர்ப்பு பிடிக்காத நோயாளி என்ன செய்யலாம் என்று அந்தப் பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. எழுதும்போது மை தீர்ந்திருக்கலாம்.

இங்கே ஒரு சொல்லாராய்ச்சி. இக்கட்டுரையின் வகை ‘போலி ஆய்வு’. போலி என்பது ஒரு காலத்தில் மரியாதையான சொல். பந்தல் என்றாலும் பந்தர் என்றாலும் பொருள் மாறாது. இலக்கணம் அதைக் கடைப்போலி என்கிறது. ஐந்து அஞ்சு ஆனால் முற்றுப்போலி. ஓர் எழுத்தின் இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்து அதே வேலையைப் பார்த்தால் நன்னூலார் வழக்குப் போட மாட்டார். மருத்துவத்தில் அந்தச் சலுகை கிடையாது. பதிவு இல்லாமல் ஊசி போட்டால் மேற்படி 2019 சட்டத்தின்படி ஓராண்டு வரை சிறை அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். இதிலிருந்து ஒரு கிளைக் கண்டுபிடிப்பு கிளம்புகிறது. கவுன்சிலின் கை தன் பதிவேட்டில் இருப்பவர்மேல்தான் நீளும். ஆகவே அசல் டாக்டர்மேல் புகார் என்றால் அது சென்னைக்குப் போக வேண்டும். போலி டாக்டர்மேல் புகார் என்றால் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனே போதும். புகார் கொடுக்கிற வசதியை மட்டும் வைத்துப் பார்த்தால் எங்கள் ராமேஸ்வரம் தீவுக்காரர்களுக்குப் போலியே தோது. இந்த முடிவை யாரும் நடைமுறைப்படுத்த வேண்டாம்.

வெளிநாட்டு ஒப்பீடு இல்லாமல் ஆய்வு நிறைவு பெறாது. கலிஃபோர்னியாவில் டாக்டர்களுக்கு உரிமம் தரும் வாரியம் கூடினால், திறந்த கூட்டச் சட்டம் என்ற ஒன்றின்படி, என்ன பேசப்போகிறோம் என்பதைப் பத்து நாள் முன்பே ஊருக்கு அறிவிக்க வேண்டும். அறிவிப்பில் இல்லாததை முடிவு செய்யக் கூடாது. வந்திருக்கிற பொதுஜனம் எழுந்து பேசலாம், ஆளுக்குச் சில நிமிஷம். பிரிட்டனில் 1858-லேயே மருத்துவக் கவுன்சில் வந்துவிட்டது. டாக்டர்மேல் வரும் வழக்குகளை இப்போது மான்செஸ்டரில் தனித் தீர்ப்பாயம் விசாரிக்கிறது. டாக்டரின் சொந்த உடல்நல விவகாரம் போன்றவை தவிர, மற்ற விசாரணைகளை யார் வேண்டுமானாலும் போய் உட்கார்ந்து கேட்கலாம். இதைத் தங்கச்சிமடத்து டீக்கடையில் சொன்னபோது ஒரு பெரியவர் கேட்ட கேள்வி: “சும்மா போயி உக்காந்திருந்தா எந்திரிச்சுப் போன்னு சொல்ல மாட்டாகளா?” சொல்ல மாட்டார்கள் என்றேன். அவர் நம்பவில்லை.

கலிஃபோர்னியாவின் சில நிமிஷம் எங்கள் பக்கம் செல்லாது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். இங்கே பேச எழுகிறவர் முதலில் மைக்கை இரண்டு தட்டு தட்டுவார். பிறகு மேடையில் இருப்பவர்களை வரிசைப்படி “அவர்களே” போட்டு அழைப்பார். ஒருவர் பெயர் விட்டுப்போனால் பின்னாலிருந்து சட்டையை இழுத்து ஞாபகப்படுத்துவார்கள். மறுபடி முதலிலிருந்து வருவார். வணக்கம் முடியும்போது கலிஃபோர்னியாவில் மணி அடித்திருக்கும்.

எனவே கவுன்சில் என்றாவது ஒருநாள் பொதுக்கூட்டம் நடத்தத் துணிந்தால், அது இந்த மண்ணின் முறைப்படிதான் நடக்க வேண்டியிருக்கும். அந்த முறை என்ன என்பதை அறியக் களப்பணிக்குப் போனோம். ராமேஸ்வரம் நகராட்சி, அங்கே கிராம சபை கிடையாது. பாம்பனும் தங்கச்சிமடமும் ஊராட்சிகள், அங்கே உண்டு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்காக இருந்த நாட்கள், 2022-ல் மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் சேர்ந்து ஆறாயின. கோரம் என்று ஒரு கணக்கும் உண்டு. 500 பேர் வரையுள்ள ஊரில் 50 பேர் வர வேண்டும், 3,000 வரை என்றால் 100, 10,000 வரை 200, அதற்கு மேல் எத்தனை ஆயிரமானாலும் 300.

நாங்கள் போன ஊராட்சியின் பெயர் வேண்டாம், நாளைக்கும் அங்கே மீன் வாங்கப் போக வேண்டும். பந்தல் போட்டிருந்தார்கள் (பந்தர் என்றும் வாசிக்கலாம்). ஆனால் கூட்டம் பந்தலுக்குக் கீழே இல்லை, எதிரே இருந்த பூவரச மரத்துக்குக் கீழே இருந்தது. சாமியானாத் துணி வெயிலை வடிகட்டும், நிறுத்தாது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கையெழுத்து நோட்டுத்தான் மரத்தடிக்கும் பந்தலுக்கும் மாறி மாறி நடந்தது. கையெழுத்துப் போட்டவர் நூறு நாள் வேலை எப்போது என்று விசாரித்துவிட்டுக் கிளம்பினார், அடுத்தவர் வந்தார். ஒரே நேரத்தில் நோட்டிலும் நாற்காலியிலும் ஒருவரைக் காண்பது அரிதாக இருந்தது. கோரம் என்பது தலைகளை எண்ணுவதா, ரேகைகளை எண்ணுவதா என்ற தத்துவப் பிரச்சினையை வருங்கால ஆய்வாளர்களுக்கு விட்டுவிடுகிறோம்.

வரவு செலவு வாசிக்கப்பட்டது. குடிநீர்க் குழாய் பேசப்பட்டது. அப்போது மரத்தடியிலிருந்து ஓர் அப்பத்தா எழுந்து வந்தார். மைக்கைக் கொடுத்தார்கள், அவர் வாங்கவில்லை. அது இல்லாமலே கேட்டது.

“ஏப்பா, ராத்திரிக்கு ஆசுபத்திரியில டாக்டரு இருப்பாரா, இருக்க மாட்டாரா? அத மட்டும் சொல்லு.”

“மனுவா எழுதிக் குடுங்கம்மா, மேல அனுப்பிருவோம்.”

“எழுதத் தெரிஞ்சா நான் எதுக்கு இம்புட்டு நேரம் வெயில்ல நிக்கிறேன்?”

ஒரு பையன் தாள் எடுத்தான். “நான் எழுதித் தாரேன் அப்பத்தா. யாருக்கு எழுதணும்?”

“டாக்டருக்கு மேல யாரு இருக்காகளோ, அவுகளுக்கு.”

பையனின் பேனா நின்றது. டாக்டருக்கு மேலே யார்? கலெக்டர் என்றார் ஒருவர். மந்திரி என்றார் இன்னொருவர். ராமநாதசாமிதான் என்று மரத்தடியிலிருந்து ஒரு குரல். படித்த திமிரில் நான் வாயைத் திறந்தேன்: மருத்துவக் கவுன்சில் என்று ஒன்று இருக்கிறது.

“அது எங்கிட்டு இருக்கு?”

“சென்னையில.”

“அவுக இங்கிட்டு வருவாகளா?”

இந்த ஆய்வு அந்தக் கேள்வியில்தான் வந்து நின்றது. என் பிழையையும் இங்கேயே திருத்திவிடுகிறேன். அரசு ஆஸ்பத்திரியில் ராத்திரி டாக்டர் இருப்பதும் இல்லாததும் சுகாதாரத் துறையின் பணிப் பட்டியல் விவகாரம். டாக்டரின் தொழில் ஒழுக்கம் தவறினால், சிகிச்சையில் கவனக்குறைவு என்றால்தான் கவுன்சில். அப்பத்தாவை நான் தப்பான வாசலுக்கு அனுப்பப் பார்த்தேன். ஆனால் அவர் கேட்டது வாசல் எது என்றல்ல, வாசலில் இருப்பவர் இந்தப் பக்கம் தலைகாட்டுவாரா என்றுதான். தீவில் நெஞ்சுவலி என்றால் பாலம் தாண்டி ராமநாதபுரம் போக வேண்டும், ஐம்பத்தைந்து கிலோமீட்டர். 2022 ஜனவரியில் அங்கே அரசு மருத்துவக் கல்லூரி திறந்தபின் மதுரை வரை ஓடுவது குறைந்திருக்கிறது. டாக்டர்களை உண்டாக்கும் இடம் பக்கத்தில் வந்துவிட்டது. டாக்டரைக் கேள்வி கேட்கும் இடம்தான் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாள் இருக்கிறதே, அங்கே போகலாமே என்பார்கள். போகிறார்கள். வாசலில் மனு எழுதித் தருகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். பொருள், பெறுநர், அனுப்புநர் எல்லாம் அவர்களுக்கு மனப்பாடம், குறை ஒன்றை மட்டும் நாம் சொன்னால் போதும். எங்கள் முக்கியக் கண்டுபிடிப்பு இங்கேதான் இருக்கிறது. ராமேஸ்வரத்து விசைப்படகுகள் கடலுக்குப் போகும் நாட்கள் திங்கள், புதன், சனி. மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்காரருடையவை. அரசாங்கம் திங்கட்கிழமை காது கொடுக்கிறது, விசைப்படகு ஆண்கள் திங்கட்கிழமை பாக் நீரிணையில் இருக்கிறார்கள். இது சதி அல்ல, காலண்டர். அதனால்தான் இந்தக் கரையில் எந்தக் கூட்டத்தில் பார்த்தாலும் மனுவோடு நிற்பவர் பெண்ணாக இருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுபவரும் அவரே என்பதால் இதில் ஒரு நியாயமும் உண்டு.

ஆண்கள் கரையில் இருக்கும் காலம் என்று ஒன்று உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். ஆறு கிராம சபைகளில் இந்தக் காலத்துக்குள் விழுவது மே 1 மட்டுமே. அன்றைக்குப் பூவரச மரத்தடியில் இடம் கிடைக்காது. கேள்விகளின் சத்தமும் அன்றுதான் கூடுதல், கடலில் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை.

ஆகவே கவுன்சிலுக்கு இந்த ஆய்வாளனின் விண்ணப்பம்: ஒரே ஒரு கூட்டம் இங்கே வைத்துப் பாருங்கள். தடைக்காலத்தில் வாருங்கள். சென்னையில் சாயங்காலம் ரயில் ஏறினால் விடியும்போது புதுப் பாலத்தைத் தாண்டிவிடலாம். பொன்னாடை வேண்டாம், இந்த உப்புக்காற்றில் பிசுபிசுக்கும். பேசப்போவதைப் பத்து நாள் முன்பே டீக்கடைச் சுவரில் ஒட்டிவிடுங்கள், வாசிக்கத் தெரிந்தவர் தெரியாதவருக்கு வாசித்துச் சொல்லிவிடுவார். பந்தலை வெயிலில் போடாமல் மரத்தடியில் போடுங்கள். மனு கேட்காதீர்கள், காது மட்டும் கொண்டுவாருங்கள். கோரத்தைப் பற்றிய கவலையே வேண்டாம், முந்நூறு பேருக்கு நாங்கள் பொறுப்பு. அப்பத்தா கையெழுத்துப் போட மாட்டார், கடைசி வரை உட்கார்ந்திருப்பார்.