லீடு வண்டிக்காரர்

அபார்ட்மென்ட்டுக்கு ஒருவர் இப்படி இருப்பார். பேஸ்மென்ட்டில் மற்ற கார்களெல்லாம் அடக்கமாக நிற்க, இவருடைய தார் ஜீப் மட்டும் கூரையில் இரும்புக் கேரியரும் பக்கவாட்டில் மண்வெட்டியுமாக, ராணுவம் மறந்து விட்டுப்போன மாதிரி நிற்கும். மண்வெட்டியில் கடைக்காரர் ஒட்டிய விலைச்சீட்டைக்கூட இன்னும் கிழிக்கவில்லை.

அந்த வண்டி இதுவரை ஏறிய செங்குத்தான மேடு பேஸ்மென்ட் சரிவுதான். ஆனால் அதன் அப்ரோச் ஆங்கிள் 41.8 டிகிரி என்பது இஸ்திரிக்காரர் வரை தெருவில் எல்லோருக்கும் தெரியும். 650 மில்லிமீட்டர் தண்ணீரில் தைரியமாக இறங்கலாம் என்பதும் தெரியும். மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரிக்காரர்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்திவிட்டு வயிற்றில் நெருப்போடு நடந்து வருவார்கள். இவர் அப்போதுதான் வண்டியை வெளியே எடுப்பார். எதிர்வீட்டுப் பாட்டிக்கு அரை லிட்டர் பால் வாங்கிக் கொடுத்துவிட்டு, பம்பரில் சேறு எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று டேப் வைத்து அளப்பார்.

இவர் மார்ச் மாதத்தில் ஒரு ராத்திரி பதினொன்றரை மணிக்கு வாட்ஸாப் குரூப் ஆரம்பிப்பார். பெயர் 'ஸ்பிட்டி எக்ஸ்பெடிஷன்'. லீடு வண்டி, அதாவது எல்லோருக்கும் முன்னால் போகிற வண்டி, இவருடையது. டூர் என்று யாராவது சொன்னால் முகம் சுருங்கிவிடும். காலேஜ் சிநேகிதர்கள், ஆபீஸ்காரர்கள், ஜிம்மில் பழக்கமானவர், மச்சினன் என்று நாற்பது பேரைச் சேர்ப்பார். விடிவதற்குள் நாற்பது பேரும் 'தல, நான் ரெடி' என்று போட்டிருப்பார்கள். போர்வைக்குள் இருந்துகொண்டு இமயமலைக்கு வருகிறேன் என்று சொல்ல என்ன செலவு?

மறுநாள் காலை எக்ஸெல் வந்து விழும். எத்தனை மணிக்கு எழுவது, பல் துலக்க எத்தனை நிமிடம், எந்த ஊரில் டீ எல்லாம் அதில் இருக்கும். கேலி செய்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், மனிதர் விஷயம் தெரிந்தவர். மணாலி 2,000 மீட்டர் உயரம். அங்கே ஒரு ராத்திரி தூங்கிவிட்டு மறுநாளே 4,551 மீட்டர் குன்சும் கணவாயில் போய் நின்றால் மண்டை பிளக்கும், வாந்தி வரும். அதனால் சிம்லா, கின்னௌர், நாக்கோ, தாபோ என்று உடம்பைப் பழக்கிக்கொண்டே ஏறிக் காஸாவை அடைவது, குன்சும் வழியாக மணாலிக்கு இறங்குவது என்று போட்டிருப்பார். எந்த டாக்டரும் இதைத்தான் சொல்வார்.

ஆனால் அந்த டாக்டர் யாருக்கும் லீவ் வாங்கித் தர மாட்டார்.

"தல, எனக்கு மொத்தம் அஞ்சு நாள்தான். மணாலி பக்கமா ஏறிட்டா சீக்கிரம் முடிஞ்சிடுமே" என்பார் ஒருவர். இன்னொருவர் ஒரு படி மேலே போவார்: "சண்டிகருக்கு ஃப்ளைட்ல போய், அங்கேயே வண்டி வாடகைக்கு எடுத்துக்கிட்டா என்ன?"

லீடு வண்டிக்காரர் உட்பட எல்லோரும் இதைப் படித்த அடையாளமாக இரண்டு நீலக் குறி விழும். அப்புறம் இரண்டு நாளைக்குக் குரூப்பில் மூச்சு இருக்காது. சென்னையிலிருந்து மணாலி ஏறக்குறைய 2,700 கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி நாலுவழிச் சாலை. மண்பாதைக்கென்று வாங்கிய டயர் தார் ரோட்டில் ஊளையிடுகிற ஊளையில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. இதெல்லாம் அவருக்கும் தெரியும். ஆனால் விமானத்தில் மண்வெட்டியை எங்கே கட்டுவது?

தேதி குறிப்பதுதான் பெரிய மலை. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்துவிடும். ஆடியில் கல்யாணம் இல்லை, ஆனால் அங்கே மழைக்காலம். ஸ்பிட்டி மழை மறைவுப் பகுதிதான், ஆனால் அங்கே போய்ச் சேருகிற கின்னௌர் வழியிலும் மணாலி வழியிலும் மலை சரிந்து ரோட்டில் உட்கார்ந்துகொள்ளும். ஆவணியில் ஆளுக்கு மூன்று கல்யாணப் பத்திரிகை. கடைசியில் செப்டம்பர் பின்பாதியைக் கண்டுபிடிப்பார். மழை ஓய்ந்திருக்கும், குன்சுமைப் பனி மூடியிருக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக அது புரட்டாசி. யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். பனியையும் பஞ்சாங்கத்தையும் ஒரே கட்டத்தில் மடக்கிய பெருமிதத்தோடு குரூப்பில் போடுவார்.

மூன்றே நிமிடத்தில் பதில் வரும்: "தல, புரட்டாசியில கவிச்சி சாப்பிட மாட்டோமே. கேம்ப்ஃபயர்ல என்ன சுடறது?"

பார்பெக்யூ அடுப்பும் கம்பிகளும் ஏற்கெனவே வாங்கி வைத்தாயிற்று. இவர் யோசித்து, 'பனீர்' என்று ஒற்றைச் சொல் போடுவார். ஆறு பேர் அந்த நிமிடமே குரூப்பை விட்டு விலகுவார்கள். மற்றவர்கள் மாமனார் முழங்கால் ஆபரேஷன், புராஜெக்ட் ரிலீஸ் என்று கௌரவமான காரணங்களோடு உதிர்வார்கள். மிஞ்சுவது நாலு வண்டி, ஒன்பது பேர். அதிலும் ஒன்று நாலு சக்கர இழுவை இல்லாத க்ரெட்டா. ஷீட்டின் தலைப்பில் கொட்டை எழுத்தில் இருந்த 'ஃபோர் பை ஃபோர் மட்டும்' என்ற வரியை அன்று ராத்திரி யாருக்கும் தெரியாமல் அழித்துவிடுவார்.

கிளம்புவதற்கு முன் ஒரு பயிற்சி வகுப்பு உண்டு. ஆவணி முடிவதற்குள் என்பதால் பிரியாணிக் கடையில் நடக்கும். கைனெடிக் கயிறு ரப்பர் போல நீண்டு சுண்டி இழுக்கும், பக்கத்தில் நிற்கக் கூடாது, கொக்கியை டிரெய்லர் குண்டில் மாட்டவே கூடாது, பிய்த்துக்கொண்டு வந்தால் ஆளைக் கொன்றுவிடும் என்று வியர்க்க வியர்க்க விளக்குவார். அத்தனையும் உண்மை. "சந்தேகம் இருந்தா கேளுங்க" என்று முடிப்பார்.

"இன்னொரு மட்டன் சுக்கா சொல்லலாமா, தல?"

வீட்டிலும் அவர் மதிப்பு இதே உயரத்தில்தான். சக்கரம் புதைந்தால் அடியில் கொடுக்கிற ஆரஞ்சுப் பலகை இரண்டைப் பார்த்துவிட்டு, "என்னங்க, இது வடாம் காயவைக்கவா?" என்று மனைவி கேட்பார். அம்மா ஒன்றும் கேட்க மாட்டார். புளிக்காய்ச்சல், இட்லிப்பொடி, தக்காளித் தொக்கு, மூன்று லிட்டர் குக்கர் எல்லாவற்றையும் பின்சீட்டில் ஏற்றிவிடுவார். ஜெர்மன் அடுப்பும் டைட்டானியம் பாத்திரமும் வைத்திருப்பவருக்கு அந்தக் குக்கரைப் பார்த்தால் அவமானம். ஆனால் சந்திரதால் ஏரிப் பக்கம் 4,200 மீட்டருக்கு மேல். தண்ணீர் அங்கே 86 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், எவ்வளவு கொதித்தாலும் அரிசி லேசில் வேகாது. ஒன்பது பேரின் மானத்தையும் காப்பாற்றப்போவது அந்தக் குக்கர்தான். அதற்கு ஷீட்டில் இடமில்லை.

பூந்தமல்லி தாண்டுவதற்குள் வாக்கிடாக்கி ஆரம்பித்துவிடும். பின்னால் வருகிற வண்டி கண்ணாடியில் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்வது முன்னால் போகிறவர் பொறுப்பு. கான்வாய்க்கு இது நல்ல விதி. ஆனால் டோல்கேட்டில் நாலு வண்டியும் ஒட்டி நிற்கும்போதும் கடைசி வண்டியைக் கூப்பிட்டு "லீடு டு ஸ்வீப், நிலைமை என்ன? ஓவர்" என்பார். "பசிக்குது, ஓவர்" என்று பதில் வரும்.

நாலு நாள் நெடுஞ்சாலை, அப்புறம் சிம்லா, கின்னௌர். காஸாவை நெருங்கும்போது திட்டத்துக்கு ஒன்றரை நாள் பின்தங்கியிருப்பார்கள். ஏரிக்கரையில் கூடாரம் அடிக்கிற கனவு சந்திரதாலில் கலையும். கரையில் முகாம் போட அனுமதி இல்லை, சில கிலோமீட்டர் தள்ளித்தான் கூடாரங்கள். 'ஏரியைப் பார்த்தபடி சூரிய அஸ்தமனம்' என்ற கட்டத்தைச் சிவப்பாக்குவார்.

அடுத்த நாளுக்குத்தான் அவர் ஆறு மாதமாகக் காத்திருந்தார். மணாலிக்கு இறங்கும் வழியில் பனி உருகிவரும் ஓடைகள் ரோட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடும். செப்டம்பர் கடைசியில் தண்ணீர் குறைவுதான். ஆனாலும் காலையில் ஒடுங்கிக் கிடக்கிற ஓடை வெயில் ஏற ஏறப் பெருகும், அதனால் ஐந்து மணிக்கே புறப்பட வேண்டும் என்று மூன்று இடத்தில் அடிக்கோடு போட்டிருப்பார். குக்கர் நாலாவது விசில் கொடுத்து எல்லோரும் புளிசாதம் சாப்பிட்டு எழ ஒன்பதரை.

ஓடைக்கரையில் கான்வாயை நிறுத்துவார். டயர் காற்றை 32-லிருந்து 20-க்கு இறக்கச் சொல்வார். நாலு வண்டி, பதினாறு டயர், ஒவ்வொன்றிலும் மீட்டர் வைத்துப் பார்ப்பார். கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, குச்சியால் ஆழம் பார்த்து, குளிரில் பற்கள் தாளம் போட, "நானூறு மில்லிமீட்டர்!" என்று கத்துவார். ஆரஞ்சுப் பலகையின் பிளாஸ்டிக் உறையை அப்போதுதான் கிழிப்பார்கள்.

பின்னால் ஹாரன் கேட்கும். காஸாவிலிருந்து விடியற்காலையில் கிளம்பிய அரசாங்க பஸ். டிரைவர் வேகத்தைக்கூடப் பெரிதாகக் குறைக்காமல், இவர்கள் மேல் நீரை வாரியடித்துவிட்டு அக்கரை ஏறிப் போய்விடுவார். ஜன்னலோரப் பாட்டி தூக்கம் கலையாமல் இருப்பார்.

"பஸ்ஸுக்கு கிரவுண்ட் கிளியரன்ஸ் அதிகம்" என்பார் லீடு வண்டிக்காரர், முகத்தைத் துடைத்தபடி.

அதன் பின்னாலேயே பழைய ஆல்ட்டோ ஒன்று வரும். உள்ளே ஐந்து பேர், மடியில் ஒரு குழந்தை, கூரையில் ஆப்பிள் பெட்டிகள். அதுவும் கல்லுக்குக் கல் வளைந்து, குலுங்கி, கடந்துவிடும். அக்கரையில் நிறுத்தி ஓட்டுநர் இறங்குவார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உறைந்திருக்கும் க்ரெட்டாக்காரரைப் பார்த்து, நான் ஓட்டித் தரட்டுமா என்று இந்தியில் கேட்பார்.

லீடு வண்டிக்காரர் போனை எடுத்து ஷீட்டைத் திறப்பார். 'ரெக்கவரி ஏற்பாடுகள்' என்ற பத்தியில் ஒரு வரி சேர்ப்பார்: 'உள்ளூர் உதவி — உண்டு. இலவசம்.'