டிப்பரிலிருந்து நெடுந்தூர லாரிக்கு

கேள்வி: கல் குவாரிக்கும் செங்கல்பட்டுக்குமாக டிப்பர் ஓட்டிய நான், இனி பெங்களூர், சேலம் என்று சரக்கு லாரி ஓட்டப் போகிறேன். புத்திமதி உண்டா? – வாசகர் ஒருவர், உத்திரமேரூர்

பதில்: தங்கள் ஊர்க் கோயிற் சுவரிலுள்ள பராந்தக சோழனின் 921-ஆம் ஆண்டுச் சாசனம், கிராம வாரியத்தில் அமரவே 35 வயது நிரம்ப வேண்டுமென்று கறாராக விதிக்க, நமது மோட்டார் வாகனச் சட்டமோ 20 வயதிலேயே லாரியை ஒருவன் கையில் ஒப்படைத்து விடுகிறபடியால், மிச்சமுள்ள 15 வருஷத்து நிதானத்தைத் தாங்களே சம்பாதித்துக்கொள்ள வேண்டியதுதான்.

பெங்களூர்–சேலம் சாலையிலுள்ள தோப்பூர் மலை இறக்கத்தில், டீசல் மிச்சமாகும் என்ற சபலத்தால் நியூட்ரலில் விடுகிற மகானுபாவர்கள், என்ஜினின் பிடியையும் இழந்து, பிரேக்கையே ஓயாமல் மிதித்து, அது சூடேறித் தன் கடமையை மறந்த பிறகே இஷ்ட தெய்வத்தை ஸ்மரிக்கிறார்கள். தாங்கள் தாழ்ந்த கியரிலேயே இறங்குங்கள்.

நிறுத்துமிடமெல்லாம் ஜாக்கி லிவரால் டயரைத் தட்டுங்கள். லிவர் துள்ளினால் காற்று உண்டு, பொத்தென்று அமுங்கினால் இல்லை. சரக்கு குலுங்கி அமர்ந்ததும் தார்ப்பாய்க் கயிறு தளரும். சற்று தூரம் போனதும் இறுக்கிக் கட்டுங்கள்.

1961-ஆம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளொன்றுக்கு 8 மணி நேர வேலையும், தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேற்படாத வேலைக்குப் பின் அரை மணி ஓய்வும், 2025-இல் ரத்தாகும் வரை விதித்திருந்ததை முதலாளியிடம் விநயமாக ஞாபகப்படுத்தலாம், அவர் ஆச்சரியப்படுவார். அந்த ஆச்சரியம் தீரக் காத்திராமல், பின்னிரவில் கண் சொருகினால், டீக்கடையை நம்பாமல் பங்க்கில் வண்டியை ஓரங்கட்டிப் படுத்துவிடுங்கள்.