ஒண்ணுந் தெரியாதவளாப் போயிட்டு வா, அம்மிணி

போலந்து நாட்டுல பிள்ளைகளுக்கு இங்கிலீசு முகாம் நடத்தறாங்க, அதுல சம்பளமில்லாமத் தொண்டு பார்க்கப் போறேன்னு நீ சொன்னதுல இருந்து உங்கப்பன் நடக்கற நடையே வேற. "வெள்ளைக்காரனுக்கே எம்புள்ள இங்கிலீசு சொல்லிக் குடுக்கப் போறா"ன்னு டீக்கடையில சொல்லியாச்சு, பால் சொசைட்டியில சொல்லியாச்சு. போலந்துக்காரன் வெள்ளையா இருப்பானே ஒழிய அவன் பாசை வேறன்னு நான் வாயத் தொறக்கல. மாப்பிள்ளை சந்தோசத்தை மாமனார் எதுக்குக் கெடுக்கோணும்? உங்கமத்தாவுக்கு வேற சந்தேகம். கவுன்சிலர் வேலைன்னியாமா, எந்த வார்டுன்னு கேக்கறா.

இந்த அப்புச்சிக்கு என்ன தெரியும்னு சிரிக்காதே கண்ணு. முகாம்காரங்க உன்ற செல்லுக்குத் தாட்டிவிட்ட தாளையெல்லாம் கண்ணாடிய மாட்டிக்கிட்டு நாந்தான் படிச்சேன். நீ அடியில கையெழுத்து மட்டுந்தான் போட்டே.

உனக்கு இங்கிலீசு நல்லா வருதுன்னுதான் கூப்புட்டாங்கன்னு நெனச்சுக்கிட்டு இருக்கறே. அந்த நெனப்ப இங்கயே எறக்கி வெச்சுட்டுப் போ. அவுங்க பள்ளிக்கூடத்துல இங்கிலீசு டீச்சருக்குப் பஞ்சமில்ல. இலக்கணத்துல உன்னைய நாலு கேள்வி கேட்டாங்கன்னா நீ மோட்டுவளையப் பார்ப்பே. ஆனா அவுங்ககிட்ட இல்லாத ஒரு பெரிய தகுதி உங்கிட்ட இருக்குது. உனக்குப் போலிஷ் தெரியாது. அதுக்குத்தான் அம்மிணி சோறு போட்டு, படுக்கை குடுத்துக் கூப்புடறாங்க.

யோசிச்சுப் பாரு. எட்டு வயசுப் பையனுக்குத் தண்ணி தவிக்குது. உள்ளூர் டீச்சர்கிட்டப் போனா அவன் பாசையில கேட்டு வாங்கிக் குடிச்சுட்டு ஓடிருவான். பள்ளிக்கூடத்துல படிச்ச இங்கிலீசு வாயவிட்டு வெளிய வராது. உங்கிட்ட வந்தா அந்தக் கதை நடக்குமா? கையக் காட்டுவான், தலையச் சொறிவான், நீ பேந்தப் பேந்த முழிப்பே. வேற வழியில்லாம "வாட்டர்"னு ஒரு சொல்லு வரும். அந்த ஒரு சொல்லுக்குத்தான் அவனப் பெத்தவுங்க காசு கட்டியிருக்கறாங்க. அதனால செல்லுல போலிஷ் கத்துக்கறேன்னு கெளம்பிராதே. உன்ற மொதலே அந்த அறியாமைதான். நாலு சொல்லு காதுல விழுந்து ஒட்டிக்கிச்சுன்னாலும் வெளிய காட்டாதே. நடிக்கத் தெரியும்ல? மாவாட்டச் சொன்னா காது கேக்காதவளாட்டம் நிப்பியே, அது போதும்.

ஒண்ணு மட்டும். முழங்காலு பேந்து ரத்தம் வருதுன்னு ஒருத்தன் அழுதுட்டு வந்தா அப்பவும் நின்னு "முழு வாக்கியமாச் சொல்லு"ங்காதே. தூக்கிட்டு நர்சம்மாகிட்ட ஓடு. பாடம் அக்கட்டால கெடக்கட்டும்.

இந்தச் சூட்சுமத்தை என்னமோ சீமையில கண்டுபுடிச்ச மாதிரிப் பெரிய பேரெல்லாம் வெச்சுச் சொல்றாங்க. நம்ம திருப்பூரு பனியன் கம்பெனிக்குள்ள போய்ப் பாரு. ஒடிசாவுல இருந்தும் பீகார்ல இருந்தும் ரயிலேறி வந்த பசங்க, வந்தன்னைக்கு மொகத்த மொகத்தப் பார்த்துக்கிட்டு நிக்கறாங்க. நோம்பி ஒண்ணு போயி ஒண்ணு வர்றதுக்குள்ள மேஸ்திரிகிட்டத் தமிழ்லயே பொரியறாங்க. வாத்தியாரு இல்ல, சான்றிதழ் இல்ல. முகாமுல மாட்டிவிடற டீ-ஷர்ட்டையே அந்தப் பசங்கதான் தைக்கறாங்க. அவுங்களுக்கு மொதல்ல வாயில வர்றது வணக்கமா, நன்றியா? "அண்ணா, சம்பளம் எப்ப?" அவசியம் இருந்தாப் பாசை தானா வரும். அந்த அவசியத்தைக் காசு குடுத்து, ரெண்டு வாரத்துக்கு, வலிக்காம உண்டாக்கறதுதான் உன்ற முகாமு.

அவசியத்த விட்டுப்போட்டுக் கட்டடத்த மட்டும் கட்டினா என்ன ஆகும்னு தென்கொரியாக்காரங்களைக் கேக்கோணும். சியோலுக்கு வடக்க பாஜுங்கற ஊர்ல 2006-ல இங்கிலீசுக்குன்னே ஒரு ஊரக் கட்டினாங்க. உள்ள நுழையறப்பவே வேற நாட்டுக்குப் போறவனாட்டம் மேசை போட்டுப் பாஸ்போர்ட்டு விசாரணை. வீதி, கடை, தபாலாபீசு எல்லாம் இங்கிலீசு. பேருக்குக் கொறச்சலில்ல, கணக்குலதான் நட்டம். கடைசீல அரசாங்கம் கைமாத்தி விட்டுருச்சு. கூட வந்த பிள்ளைக எல்லாம் கொரியப் பிள்ளைக, டீச்சரு அந்தாண்ட திரும்புனா அதுக கொரியத்துலதானே பேசும்? உன்ற முகாமுலயும் அதேதான் நடக்கும், வெசனப்படாதே. ராத்திரி வெளக்க அணைச்சதுக்கப்பறம் கட்டில்ல நடக்கற பேச்சு பூராப் போலிஷ்தான். அதுல நீ தலையிடாதே. பகல்ல விட்டத ராத்திரியில புடிச்சுக்கட்டும்.

போலந்துக்காரங்களுக்கு ஏன் இத்தனை ஆசைன்னு கேட்டீன்னா அதுக்கும் கதை இருக்குது. 1989 வரைக்கும் அங்க கம்யூனிஸ்ட் ஆட்சி. பள்ளிக்கூடத்துல ரஷ்யன் கட்டாயம். ஆட்சி கவுந்ததும் எல்லாருக்கும் இங்கிலீசு வேணும், சொல்லித்தர ஆளில்ல. நியூயார்க்குல இருக்கற கொஷ்சியுஸ்கோ அறக்கட்டளை 1991-ல இருந்து அமெரிக்காக்காரங்களைக் கோடை முகாமுக்குத் தாட்டிவிட ஆரம்பிச்சுது. அதனால முகாமு கேட்டுக்கு வெளிய, பெட்டிக்கடையில உக்காந்திருக்கற அறுபத்தஞ்சு வயசு ஆத்தாகிட்ட உன்ற இங்கிலீசு செல்லாது. அந்தம்மா ஒருவேளை ரஷ்யன் பேசும். அப்ப உன்ற கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி ரொட்டி வாங்கிக் குடுக்கப் போறதே அந்த எட்டு வயசுப் பையன்தான். அன்னைக்கு அவன் பேசற இங்கிலீசு, நீ கரும்பலகையில எழுதினதுல எதுலயும் இருக்காது.

அங்க நீ இங்கிலீசு சொல்லிக்குடுக்கற நேரம் கொஞ்சம், பல்லு வெளக்க வெக்கற நேரம் ரொம்ப. ஜூலை மாசத்துல அங்க ராத்திரி ஒம்பது மணிக்குத்தான் பொழுது எறங்கும். வெளிச்சம் கெடக்கறப்ப எந்தப் பிள்ளை தூங்கும்? விடியறது நாலு, நாலரைக்கு. நீ எட்டு மணிக்கு எந்திரிக்கறவ. மொத மூணு ராத்திரி ஆத்தாள நெனச்சு அழுகற பிள்ளைக நாலஞ்சாவது இருக்கும். அழுகைக்குப் பாசை வேண்டாம், பக்கத்துல உக்காந்துக்க. ஆனா தனியா ஒரு பிள்ளையோட கதவச் சாத்திக்கிட்டு உக்காராதே. கதவு தெறந்திருக்கோணும், இன்னொரு பெரியவங்க கண்ணுல படறாப்புல இருக்கோணும். அது பிள்ளைக்கும் நல்லது, உனக்கும் நல்லது. அழுகற வெள்ளைக் குழந்தைய மடியில வெச்சு ஸ்டேட்டஸும் போடாதே. உன்ற அத்தைக நாலு பேரு இதயம் போடுவாங்க, பெத்தவுங்க வழக்குப் போடுவாங்க.

சோத்தப் பத்திச் சொல்லாம விட்டா உங்கமத்தா மனசு பொக்குனு போயிரும். காலையில ரொட்டி, பாலாடைக்கட்டி. சாயந்திரம் மறுபடி அதே ரொட்டி. நடுவுல மத்தியானந்தான் பெரிய சாப்பாடு. மொதல்ல சூப்பு, அப்பறம் உருளைக்கெழங்கு, கறி, ஊறின முட்டைக்கோசு. பழத்த வேகவெச்ச தண்ணிக்குக் கொம்போத்னு பேரு, குடத்துல வெச்சிருப்பாங்க. ஒருநா நூடுல்ஸு மேல ஸ்ட்ராபெரியும் பாலேடும் ஊத்திக் குடுப்பாங்க. பிள்ளைக ரெண்டாந்தரம் கேக்கும், நீ தட்டப் பார்த்துக்கிட்டே இருப்பே. நெருப்பு மூட்டி, குச்சியில தொத்தறச்சி குத்திச் சுடற ராத்திரியும் உண்டு. அது பன்னிக்கறி. புடிக்கலன்னா வேண்டாம்னு சொல்லிப்போடு, தப்பில்ல. கெடாவெட்டுல மொதப் பந்தியில உக்காந்தவ அங்க போயித் திடீர்னு மரக்கறிப் பரம்பரைன்னு மட்டும் கதை வுடாதே, கடைசிநாள் வரைக்கும் ரொட்டியும் கட்டியுந்தான் கெடைக்கும். உங்கமத்தா பொட்டிக்குள்ள நெய்ப்போசியத் திணிப்பா. எடுத்து வெளிய வெச்சுரு. ஐரோப்பாவுக்குள்ள வெளிநாட்டுப் பால் பண்டத்துக்கும் கறிப் பண்டத்துக்கும் தடை, விமான நெலையத்துலயே குப்பையில போட்டுருவான். பருப்புப்பொடிக்கு அந்த வில்லங்கம் இல்ல, கெட்டியாக் கட்டி எடுத்துக்க.

இப்ப காரியத்துக்கு வர்றேன். கூலி இல்லாத வேலை, சரி. மனசாரப் போறே, போ. ஆனா கூலி இல்லாத வேலைக்கு உங்கிட்டயே பணம் கேக்கறவனும் இருக்கறான், பதிவுக் கட்டணம், சேவைக் கட்டணம்னு. பிள்ளையப் பெத்தவன்கிட்டயும் வாங்கி, பிள்ளையப் பார்த்துக்க வர்றவகிட்டயும் வாங்குனா அவன் தொண்டு நடத்தல, ரெண்டு பக்கமும் கறக்கறான். என்ன தருவாங்க, என்ன தரமாட்டாங்க, வாரத்துல ஒருநா ஓய்வு உண்டா, இதையெல்லாம் எழுத்துல வாங்கு. சுத்திப் பார்க்கப் போறேன்னு விசா மனுவுல எழுதிருன்னு எவனாவது யோசனை சொன்னா, அவன் பேர எங்கிட்டச் சொல்லு. விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கேப்பாங்க, அதுல கஞ்சத்தனம் வேண்டாம். பாஸ்போர்ட்ட யாருகிட்டயும் "பத்திரமா வெச்சிருங்க"ன்னு குடுக்காதே. ஏதாச்சும்னா அங்க 112-ஐக் கூப்புடோணும்.

போலந்துல பிள்ளை முகாமுன்னா சட்டம் கறாரு. அதுக்குன்னு பயிற்சி முடிச்ச ஆளு ஒருத்தருக்கு 20 பிள்ளைகளுக்கு மேல கெடையாது. பத்து வயசுக்குள்ள பொடுசுக இருந்தா 15 தான். உன்னையக் கணக்குல காட்டி அந்த ஆளக் கொறைக்கறாங்களான்னு பாரு. கொறச்சா நேராக் கேளு. ஒண்ணுந் தெரியாதவளா நடிக்கச் சொன்னது பிள்ளைககிட்ட மட்டுந்தான்.

அப்பறம் உங்கப்பன் ஒரு பேச்சு எழுதிக் குடுத்திருக்கறான்னு கேள்விப்பட்டேன். 1942-ல ரஷ்யாவுல இருந்து தப்பிவந்த போலந்து அநாதைப் பிள்ளைகளுக்கு ஜாம்நகர் ராசா திக்விஜய்சிங் பாலாசடியில முகாமு கட்டிச் சோறு போட்டாரு. அவன் எழுதினது நெசந்தான். கோலாப்பூர்ப் பக்கம் வலிவடேயிலயும் ஐயாயிரம் பேரு வாக்குல 1948 வரைக்கும் இருந்தாங்க. வார்சாவுல அந்த ராசா பேருல சதுக்கமே இருக்குது. ஆனா ஜாம்நகர் ராசா நமக்கு என்ன ஒறம்பரை? அவரு போட்ட சோத்துக்கு நீ போயி வட்டி வசூல் பண்ணாதே. அவுங்களாச் சொன்னாத் தலையாட்டிக் கேட்டுக்க. ஒண்ணு மட்டும் கவனிச்சுக்க. வலிவடேயில அந்தப் பிள்ளைக போலிஷ் பள்ளிக்கூடம் வெச்சுத் தங்களோட பாசையிலதான் படிச்சுதுக. நம்மாளுக யாரும் மராட்டி பேசுனாத்தான் கஞ்சின்னு சொல்லல.

உன்ற நெறத்தப் பார்த்துச் சில பேரு முழிச்சுப் பார்ப்பாங்க. சின்ன ஊருன்னா கூடுதலாப் பார்ப்பாங்க. லண்டன்ல இருந்து ஆளு வரும்னு நெனச்சேனேன்னு ஒரு பொடியன் மொகத்துக்கு நேரயே கேப்பான். அவனுக்கு மூஞ்சியத் தூக்கி வெக்காம, சேலத்துக்கு அக்கட்ட ஒரு ஊரு இருக்குதுன்னு வரைபடத்துல காட்டு. நம்மூருக்கு வந்த வடக்கத்திப் பசங்கள நாம எப்படிப் பார்த்தோம்னும் சித்தெ நெனச்சுக்க.

கடைசி ராத்திரிக்கு அங்க "பச்சை ராத்திரி"ன்னு பேரு. அன்னைக்குத் தூங்கறவங்க மூஞ்சியில பிள்ளைக பல்பசையத் தடவிட்டுப் போறது வழக்கம். நீ முழிச்சிருந்து காவல் காத்தீன்னா உன்னைய ஒருத்தரும் மதிக்கமாட்டாங்க. கண்ண மூடிப் படுத்துக்க. கன்னத்துல சில்லுனு படறப்ப, எந்தப் பாசையில சிரிக்கறாங்கன்னு மட்டும் காதக் குடுத்துக் கேளு. உன்ற ரெண்டு வார வேலைக்கு மார்க்கு அதுதான். முகாம்காரன் குடுக்கற சான்றிதழ உங்கப்பன் கண்ணாடி போட்டு மாட்டிக்கட்டும்.

கெளம்பறதுக்கு முன்னால இன்னொண்ணு. பிள்ளைகளோட இருக்கறவங்க குத்தம் கெடையாதவங்கன்னு காட்டற சட்டத்த 2024-ல அங்க இன்னும் இறுக்கிட்டாங்க. உன்ற சொந்த நாட்டுப் போலீஸ் சான்றிதழ் வேணும். இன்னைக்கே பாஸ்போர்ட் ஆபீசுக்கு மனுப்போடு. செப்டம்பர் 1-ந்தேதி அவுங்க பள்ளிக்கூடம் தொறந்துரும், அதுக்கப்பறம் அங்க உனக்குச் சோலி இல்ல. ஐப்பசியில நம்ம காட்டுல கடலைக்காய் புடுங்கோணும். கூலி கெடையாது, சோறும் படுக்கையும் உண்டு. வந்து சேரு.