ஓணான் இயல்

ஆரல்வாய்மொழிக் கணவாயில் எத்தனை ஓணான் வாழ முடியும் என்பதே இந்தச் சிற்றாராய்ச்சியின் பொருள். சின்னக் கேள்வி என்று ஒதுக்கத் தக்கதல்ல. ஓர் உயிரின் தொகையை எது கட்டிவைக்கிறது என்று ஓணானிடத்தில் தெளிந்துவிட்டால், மேலே அசம்பு மலைக் காட்டில் இருக்கும் புலியிடத்திலும் அது தெளிந்துவிடும்.

முதலில் வரவைப் பார்ப்போம். இந்த மண்ணுக்கு ஆற்றல் வெயிலாக வந்து இறங்குகிறது. அதில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கையே செடிகொடிகள் தம் உடம்பாக்கிக்கொள்கின்றன. கணவாய்க்குக் கிழக்கே முப்பந்தல் பக்கம் உடையும் எருக்கும் காய்ந்த புல்லுமாகக் கிடக்கும் பொட்டலில் தண்ணீர் இல்லாததால் அதுவும் குறையும். புல்லை வெட்டுக்கிளி தின்கிறது, வெட்டுக்கிளியை ஓணான் பிடிக்கிறது, ஓணானை வல்லூறு தூக்குகிறது. ஒவ்வொரு கை மாறும்போதும் சுமார் பத்தில் ஒன்றுதான் அடுத்த கைக்குப் போய்ச் சேர்கிறது. மீதி மூச்சிலும் ஓட்டத்திலும் எச்சத்திலும் தீர்ந்துபோகிறது, அல்லது யார் வாயிலும் படாமல் மண்ணில் மக்குகிறது. புல்லில் 10 லட்சம் கலோரி இருந்தால் வெட்டுக்கிளியில் 1 லட்சம், ஓணானில் 10,000, வல்லூறில் 1,000. ஒரு குன்றுக்கு ஒரு சோடி வல்லூறைக் காண்பதே அரிதாக இருப்பதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

இந்தக் கணக்கை முதலில் ஒழுங்காக எழுதியவர் ரேமண்ட் லிண்டமன். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஒரு சதுப்பு ஏரியின் பாசியிலிருந்து மீன் வரைக்கும் ஆண்டுக்கணக்கில் அளந்தார். கோட்பாடு மிகுந்துவிட்டது, சான்று போதாது என்று மதிப்பீட்டாளர்கள் கட்டுரையைத் தள்ளினார்கள். கடைசியில் அது 1942 அக்டோபரில் அச்சாயிற்று. அவரோ அந்த ஜூனிலேயே, 27 வயது நிறையும் முன்பே, இறந்துபோயிருந்தார். சூழலியல் மாணவர்கள் இன்றும் படிக்கும் ஏடு அது. அச்சில் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

பத்தில் ஒன்று என்பது சராசரிதான், ஆளுக்கு ஆள் மாறும். வெதுவெதுப்பான உடம்பை இரவும் பகலும் காத்துக்கொள்ளும் பறவை, செரித்த உணவில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கைத்தான் சதையாகவும் முட்டையாகவும் மாற்றுகிறது. ஓணானுக்கு அந்தச் செலவு கிடையாது. காலையில் கல்மேல் ஏறிப் படுத்தால் வெயில் சும்மாவே சூடேற்றிவிடும். அதே எடையுள்ள பறவைக்கு வேண்டிய தீனியில் சிறு பங்கே அதற்குப் போதும். வறண்ட பொட்டலில் ஓணான் மலிந்து கிடப்பது இதனால்தான்.

இங்கே ஒரு தடை எழும். அப்படியானால் ஓணானின் தொகையை வெட்டுக்கிளியே முடிவு செய்துவிடுமே, வல்லூறுக்கு அதில் என்ன வேலை? இதற்கு விடை இதே மேற்குத்தொடர்ச்சி மலையின் வடபகுதியில், மகாராஷ்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்தில் கிடைத்தது. சால்கேவாடி மேட்டுநிலத்தில் காற்றாலைகள் நெடுங்காலமாகச் சுழல்கின்றன. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் மரியா தாக்கரும் தோழர்களும் காற்றாலை உள்ள நிலத்தையும் இல்லாத நிலத்தையும் ஒப்பிட்டு 2018இல் முடிவை வெளியிட்டார்கள். காற்றாலை நிலத்தில் வேட்டைப் பறவைகள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்திருந்தன. விசிறித்தொண்டை ஓணான்கள் பெருகியிருந்தன. ஆள் அருகில் போனாலும் முன்போல் ஓடவில்லை. இரத்தத்தில் அச்சத்தின் சுரப்பும் குறைவு. ஆனால் நிறுத்துப் பார்த்தால், உடல் நீளத்துக்கு இருக்கவேண்டிய எடை இல்லை. ஆண் ஓணான் தொண்டையை விசிறிபோல் விரித்துக் காட்டும் நீலமும் செம்மஞ்சளும்கூட மங்கியிருந்தன.

என்ன நடந்தது? மேலிருந்து கட்டிய கை அவிழ்ந்தது, தொகை ஏறியது. ஏறிய தொகையைக் கீழே புல்லும் பூச்சியும் கட்டின. 1838இல் பெல்ஜியத்து வெர்ஹுல்ஸ்ட் கணிதமாக எழுதிக் காட்டிய உச்சவரம்பு அதுதான். பசி அங்கே கொன்று குவிக்கவில்லை. ஒவ்வொரு ஓணானையும் கொஞ்சம் இளைக்க வைத்தது, அவ்வளவே. தொகையை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பவர் கண்ணுக்கு இது படாது, தராசு வேண்டும்.

இனி ஆரல்வாய்மொழி. ஆனி ஆடியில் மேற்கிலிருந்து வரும் காற்று இரண்டு மலைக்கும் நடுவே நெருக்குண்டு வேகம் கூடுகிறது. காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் திறன் எட்டு மடங்காகும். அதனால்தான் முப்பந்தலைச் சுற்றி ஏறத்தாழ 1,500 மெகாவாட்டுக்குக் காத்தாடிகள் நிற்கின்றன. அவற்றுக்கும் வரம்பு உண்டு. எந்தக் காத்தாடியும் தன் வழியே போகும் காற்றின் ஆற்றலில் 59.3 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது என்று ஜெர்மானியர் ஆல்பர்ட் பெட்ஸ் கணக்கிட்டுக் காட்டினார். முழுவதையும் பிடுங்கினால் காற்று அங்கேயே நின்றுபோகும், பின்னால் வருவதற்கு வழியிருக்காது.

காத்தாடி வேண்டாம் என்பது என் கட்சி அல்ல. நிலக்கரி எரிக்காமல் கிடைக்கும் மின்சாரம் எனக்கும் வேண்டும். ஆனால் சாத்தாராவில் செய்த ஒப்பீட்டை இந்தக் கணவாயிலும் செய்தாக வேண்டும். மண்ணும் கல்லும் புல்லும் ஒத்த இரண்டு துண்டு நிலம், ஒன்று காத்தாடியின் கீழே, மற்றது தள்ளி. இரண்டிலும் ஓணானை எண்ண வேண்டும், அளக்க வேண்டும், நிறுக்க வேண்டும். வானத்தில் வட்டமிடும் பருந்தையும் வல்லூறையும் அதே நாளில் குறித்துக்கொள்ள வேண்டும். நாகர்கோவில் கல்லூரிகளின் விலங்கியல் மாணவர்களால் ஆகாத காரியமல்ல.

அதற்கு ஏற்ற காலமும் இதுவே. பழைய சிறிய காத்தாடிகளைக் கழற்றி, எண்ணிக்கையில் குறைந்த பெரியவற்றை நடுவதற்குத் தமிழக அரசு 2024இல் கொள்கை வகுத்திருக்கிறது. எந்த வரிசையில் எவ்வளவு இடைவெளி விட்டால் வல்லூறு திரும்பி வரும் என்பதை, அடித்தளத்துக்குக் குழி தோண்டும் முன்பே கேட்டாக வேண்டும்.