ஏழை ஷெர்லாக்கும் பினாமி பட்டாவும்

ஷெர்லாக் ஹோம்ஸ் வறுமைக்கோட்டுக்குக் கீழே போய்விட்டார். சினிமாவிலும் தொலைக்காட்சியிலும் 254 முறை வேடம் கட்டப்பட்டவர் என்று 2012-இல் கின்னஸ்காரர்களே சான்றிதழ் கொடுத்தார்களே, அதே ஹோம்ஸ்தான். புரட்டாசி பிறந்தால் போதும், அவர் பெயரில் மனு கிளம்பிவிடுகிறது: "ஐயா, எனக்கென்று எழுத நாதியில்லை. என்னையும் அரிய பிரிவில் சேர்த்துக்கொள்ளுங்கள்."

எந்த வரிசையில் இந்த மனு என்று சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் படைத்த கதைமாந்தரை எடுத்துக்கொண்டு ரசிகர்கள் காசு வாங்காமல் எழுதும் கதைகள்தான் ஃபேன்ஃபிக். அந்த உலகத்தில் 2003-லிருந்து யூல்டைட் என்று ஒரு பரிசுப் பரிமாற்றம் நடக்கிறது. எந்தக் கதையுலகம் வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். எதை எழுத முடியும் என்றும் சொல்ல வேண்டும். முன்பின் தெரியாத ஒருவர் உங்களுக்காக 1000 சொல்லுக்குக் குறையாமல் ஒரு கதை எழுதுவார். நீங்கள் வேறொருவருக்கு எழுதுவீர்கள். டிசம்பர் 25-இல் கதைகள் திறக்கும், எழுதியவர் பெயர் ஜனவரி 1-இல்தான் தெரியும். நிபந்தனை ஒன்றுதான். கேட்கும் கதையுலகம் அரிதாக இருக்க வேண்டும். ஹாரி பாட்டருக்கு லட்சக்கணக்கில் குவிந்து கிடக்கிறது, அவருக்கு இங்கே இடமில்லை. யாரும் திரும்பிப் பார்க்காத கதைக்கு வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஒரு வாசல் திறக்கட்டும் என்று நல்ல மனசோடு செய்த ஏற்பாடு.

நல்ல மனசோடு செய்த ஏற்பாட்டை என்ன செய்வது என்று நம் பண்ணையார்கள் எப்போதோ காட்டிவிட்டார்கள். 1961-இல் நில உச்சவரம்புச் சட்டம் வந்தது: ஒரு குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர். 1970-இல் அதையும் 15 ஆக்கினார்கள். உடனே ஊரில் பண்ணையாரே இல்லாமல் போய்விட்டார். மூத்தவன் பெயரில் கொஞ்சம், மைத்துனன் பெயரில் கொஞ்சம், குலதெய்வத்தின் பெயரில் ஒரு டிரஸ்ட், கணக்குப்பிள்ளை பெயரில் மிச்சம். நெல் மட்டும் எப்போதும்போல ஒரே களஞ்சியத்துக்கு வந்தது.

இப்போது ஹோம்ஸின் சொத்துக்கு வருவோம். கானன் டாயில் எழுதிய 4 நாவலும் 56 சிறுகதையும் ஒரு பட்டா. 2009-இல் கை ரிச்சி எடுத்த படம் இரண்டாவது. 2010-இன் பிபிசி தொடர் மூன்றாவது. 2012-இன் 'எலிமெண்டரி' நான்காவது. அதில் வாட்சன் ஒரு பெண். 1984-இல் தொடங்கி ஜெரமி பிரெட் நடித்த தொடர் இன்னொன்று. (பிரெட்டின் புருவம் உயரும் விதத்தில் எனக்கும் ஒரு கிறுக்கு உண்டு. அதற்காக அவரை அநாதை என்று எழுதிக் கொடுக்க மாட்டேன்.) ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன் என்கிற ஏஓ3 தளத்தில்தான் இந்தப் பரிமாற்றம் நடக்கிறது. அங்கே இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டேக், எல்லாவற்றையும் சேர்த்துக் கட்ட மேலே ஒரு தாய் டேக். எது எதற்குக் கீழே வரும் என்று சம்பளமில்லாத தொண்டர்கள் பிரித்து அடுக்கி வைத்திருக்கிறார்கள். வாசகர் தேடுவதற்காகச் செய்த வேலை அது. அதைப் பட்டா மாறுதல் அலுவலகமாக நடத்துவது ரசிகர்களின் கைங்கரியம். "இவர் வேறு ஹோம்ஸ் சார். அவர் நியூயார்க்கில் இருக்கிறார், இவர் லண்டனை விட்டு நகரமாட்டார். ரெண்டு பேரையும் ஒரே கணக்கில் எழுதினால் எப்படி?"

கணக்கு எப்படி என்பதைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். ஏஓ3-இல் முடிந்த கதைகள் மட்டும், 1000 சொல்லுக்குக் குறையாதவை மட்டும், ஆங்கிலத்தில் எழுதியவை மட்டும் எண்ணப்படும். அந்த எண்ணிக்கை 1000-க்குள் இருந்தால் அரிது. எனவே தேடல் பக்கத்தைத் திறக்கிறீர்கள். ஒரு கதையுலகத்துக்கு மூவாயிரம் கதை என்று வருகிறது, வைத்துக்கொள்வோம். 'முடிந்தவை' என்ற கட்டத்தைத் தட்டுகிறீர்கள். அஞ்சு வருஷமாக ஒருவர் அத்தியாயம் அத்தியாயமாக எழுதிக்கொண்டிருக்கும் மகாகாவியம் கழன்று விழுகிறது. சொல் அளவைப் போடுகிறீர்கள். நூறே சொல்லில் எழுதும் ட்ராபிள் வகையறா மொத்தமும் அடிபடுகிறது. மொழியைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். 998. அடேயப்பா, ஏழை! அந்த நிமிஷத்திலிருந்து பாருங்கள் ரசிகரின் அன்பை: "தயவுசெய்து பட்டியல் மூடும்வரை யாரும் புதுக்கதை போடாதீர்கள், ரெண்டே ரெண்டு வந்தாலும் தகுதி போய்விடும்." தான் நேசிக்கும் கதைக்கு இன்னொருவர் எழுதிவிடுவாரோ என்று பதறுகிற ரசிகர்! பெற்ற பிள்ளை தேறிவிட்டால் உதவித்தொகை நின்றுவிடுமே என்று கவலைப்படும் தகப்பனும் இவரிடம் பாடம் கேட்க வேண்டும்.

கட்டங்களில் கடைசியாகத் தட்டியதுதான் எனக்கு வயிறு எரிவது. பரிசுக்கதை கேட்பவர் ஆங்கிலத்தில் படிக்கப்போகிறார், ஆகவே ஆங்கிலத்தை மட்டும் எண்ணுகிறோம் என்பார்கள். நடைமுறைக்கு அது சரி. ஆனால் அந்தத் தளத்தில் ஆங்கிலத்துக்கு அடுத்தபடி அதிகக் கதை உள்ள மொழி சீனம். 2020 பிப்ரவரி கடைசியில் சீனாவுக்குள் அந்தத் தளமே முடக்கப்பட்டது. சொந்த அரசாங்கம் சாத்திய கதவை ஏறிக் குதித்து வந்து எழுதிய கதைக்கு இந்தப் பேரேட்டில் மதிப்பு என்ன? பூஜ்யம். கடல் மாதிரி கதை கிடக்கும் ஒரு சீன நாவலைக் கையில் வைத்துக்கொண்டு, "ஐயோ பாவம், இதற்கு யாருமே எழுதவில்லை" என்று ஆங்கிலத்தில் மூக்குச் சிந்தலாம். விதி அனுமதிக்கிறது.

நம் வந்தியத்தேவனையும் இந்தத் தராசில் ஏற்றிப் பாருங்கள். 1950-இல் கல்கி இதழில் தொடராகப் புறப்பட்டது அவன் குதிரை. மூன்று தலைமுறை படித்து, நாட்டுடைமையாகி, எந்தப் புத்தகக் கண்காட்சிக்குப் போனாலும் வாசலிலேயே அடுக்கிவைத்திருக்கும் கதை. கல்கி போன பிறகு என்ன நடந்தது என்று சொல்ல யாரையும் கேட்காமல் தமிழில் எத்தனை பேர் எழுதிவிட்டார்கள்! ஃபேன்ஃபிக் என்ற பெயர் தெரியாமலே செய்த ஃபேன்ஃபிக் அது. 2022-லும் 2023-லும் மணிரத்னத்தின் இரண்டு படமும் வந்த பிறகுதான் ஆங்கிலத்தில் எழுதும் கூட்டமும் கொஞ்சம் திரண்டது. அதற்கு முன் அந்தக் கணக்கில் பொன்னியின் செல்வன் பரம ஏழை. நந்தினிக்கு நியாயம் கேட்டு நீங்கள் தமிழில் லட்சம் சொல் எழுதி முடித்து அங்கேயே ஏற்றினாலும் எண்ணிக்கை ஒன்று ஏறாது. கல்லணைத் தண்ணீரைப் பார்த்துவிட்டு, லண்டன் குழாயில் வரவில்லையே, ஆகவே வறட்சி என்று எழுதுகிற கணக்கர் புத்தி.

மனுக்களைச் சரிபார்க்கும் தொண்டர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, ராத்திரியில் உட்கார்ந்து, ஆயிரக்கணக்கான பரிந்துரைகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்து, கடைசியில் எல்லாரிடமும் வசவு வாங்குகிறவர்கள் அவர்கள். ஆயிரம் என்று எங்கேயாவது கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு கால் கட்டைவிரலை மட்டும் இந்தப் பக்கம் நீட்டுகிறார்களே, அவர்களைத்தான் சொல்கிறேன்.

ஏனென்றால் இதில் நஷ்டப்படுகிற ஒருவர் நிஜமாகவே இருக்கிறார். அவர் கேட்பது அச்சில் இல்லாத ஒரு நாவல், ஒரு சீசனோடு நிறுத்தப்பட்ட தொடர், ஒரு பழைய பாட்டின் கடைசிச் சரணத்தில் வந்து போகும் பெண். ஒன்றை மட்டும் கேட்க விதியில்லை, சில பெயர்கள் கொடுத்தாக வேண்டும். சரி, எப்படியாவது ஜோடி சேரட்டும் என்று கடைசி வரியில் கொஞ்சம் பேர் தெரிந்த ஒரு கதையையும் சேர்த்து வைக்கிறார். கம்ப்யூட்டருக்குப் பட்டியலின் வரிசையும் தெரியாது, ஏக்கமும் தெரியாது. யார் கேட்டார், யார் தருகிறார், எங்கே பொருந்துகிறது, முடிந்தது. பொருந்துவது எது? ஆள்பலம் உள்ள அந்தக் கடைசி வரிதான். வருஷா வருஷம் அவருக்கு அதுவே கிடைக்கிறது. நாவலுக்கும் பாட்டுப் பெண்ணுக்கும் யாராவது மனமிரங்கி உபரியாக ஒன்று எழுதினால் உண்டு. பினாமிப் பட்டாக்காரர்கள் கூட்டமாக வந்து உட்கார உட்கார, எழுதத் தெரிந்த கைகள் எல்லாம் அவர்கள் பக்கமே போகின்றன. பெயர் என்னவோ அரிய கதைகளின் திருவிழா.

அதனால் ஹோம்ஸ் ரசிகர்களுக்கு ஒரு யோசனை சொல்கிறேன், ஃபீஸ் வேண்டாம். தொடர்களைப் பிரித்தாயிற்று, படங்களைப் பிரித்தாயிற்று. அடுத்து வீட்டுக்கார அம்மாள் மிஸஸ் ஹட்சனைத் தனிக்குடித்தனம் வைத்துவிடுங்கள். வயசானவர், தெரிந்த வருமானம் மாடி வாடகை மட்டும்தான். குடியிருப்பவரோ நாற்காலியில் சாய்ந்தபடி, ராணியின் பெயரெழுத்தைத் துப்பாக்கிக் குண்டால் சுவரில் எழுதிப் பழகுகிறவர். மனுவோடு சுவரின் போட்டோ ஒன்றையும் இணைத்துவிடுங்கள், எந்த அதிகாரியும் தட்டமாட்டார்.