மெலிந்த ஆயுதங்களுக்கு நீதி வழங்கல்: பட்டினப்பாக்கத்தில் நிகழ்த்திய ஓர் ஆய்வு

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் மேசை விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு 2014-ல் வெளிவந்தது. அதன் விதிப்புத்தகத்தில் ஓர் ஆயுதப் பட்டியல் உண்டு. பட்டியலின் ஆகக் கடைசி வரியில் நிற்பது வலை. விலை 1 பொற்காசு. எடை 3 பவுண்டு. எதிரிக்கு விளைவிக்கும் சேதம் என்ற கட்டத்தில் ஒரு கோடு. பூஜ்யம்கூட இல்லை, வெறும் கோடு.

பட்டினப்பாக்கத்துச் சீனிவாசபுரம் கரையில் காலை நேரத்தில் வலை பிரித்துக்கொண்டிருப்பவர்களிடம் போய், உலகத்திலேயே பலவீனமான ஆயுதம் உங்கள் கையில் இருப்பது என்று அறிவிக்கும் துணிவு இவ்வாய்வாளருக்கு இல்லை. ஆகவே ஆய்வு முழுவதும் கடல் பக்கம் ஜன்னல் வைத்த ஓர் அடுக்குமாடி வீட்டின் சாப்பாட்டு மேசையில், கதவைச் சாத்திக்கொண்டு, நிகழ்த்தப்பட்டது.

ஆட்டம் அறியாதவர்க்கு: நாலைந்து பேர் உட்கார்ந்து ஆளுக்கொரு கதாபாத்திரம் எடுத்துக்கொள்வார்கள். டிஎம் எனப்படும் ஒருவர் கதையை நடத்துவார். பேருந்து நடத்துநரைப் போலவே சில்லறைத் தகராறு எல்லாவற்றுக்கும் தீர்ப்பு அவருடையது. அடி விழுந்ததா என்று பார்க்க இருபது முகப் பகடை. எவ்வளவு பலமாக விழுந்தது என்று பார்க்க ஆயுதத்துக்கேற்ற பகடை: பிச்சுவாவுக்கு நான்கு முகம், ஈட்டிக்கு ஆறு, நீள்வாளுக்கு எட்டு, பெருங்கோடரிக்குப் பன்னிரண்டு. சாதியமைப்பு இங்கே தொடங்குகிறது.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-ல் வெளியிட்ட முதல் பதிப்பில் எந்த ஆயுதம் பட்டாலும் சேதம் ஆறு முகப் பகடைதான். கத்தியானாலும் சரி, இரண்டு கையால் தூக்கும் வாளானாலும் சரி. ஆயுதங்களின் சமத்துவபுரம் அது. மறு ஆண்டே, 1975-ல், கிரேஹாக் என்ற துணைநூல் வந்து ஆயுதத்துக்கு ஆயுதம் வேறு பகடை என்று பிரித்துவிட்டது. அன்று கீழே தள்ளப்பட்டவற்றை மேலே தூக்கிவிடத்தான் ஊருக்கு ஊர், மேசைக்கு மேசை, சொந்தச் சட்டம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஹவுஸ் ரூல் என்பார்கள்.

முன்னோர் ஆய்வுகளைக் குறிப்பிடாமல் தாண்டிப் போவது மரபன்று. ஆயுத ஒப்பீட்டில் நமக்கு மூத்தவர் ஔவையார். அதியமானுக்காகத் தூது போன அவருக்குத் தொண்டைமான் தன் படைக்கொட்டிலைத் திறந்து காட்டினான். புறநானூற்று 95-ஆம் பாட்டு அதன் அறிக்கை. இங்குள்ளவை பீலி சூடி, நெய் பூசிப் பளபளக்கின்றன. அதியமானுடையவையோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று எழுதிவைத்தார். தொண்டைமான் விலைப்பட்டியலைக் காட்டினான், ஔவை தேய்மானப் பதிவேட்டைக் காட்டினார். எந்த ஆயுதம் பலமானது என்று பட்டியலைப் பார்த்து முடிவு கட்டக்கூடாது என்பதற்கு இதைவிடப் பழைய மேற்கோள் இவ்வாய்வாளருக்குத் தேவைப்படவில்லை.

இனி வழக்குகள். முதலாவது, சூலம்.

2014 பட்டியலில் ஈட்டியும் சூலமும் இருக்கின்றன. இரண்டுக்கும் ஒரு கையில் ஆறு முகப் பகடை, இரு கையில் எட்டு முகப் பகடை. இரண்டையும் 20 அடிவரை குறிதவறாமல் எறியலாம், 60 அடிவரை சிரமப்பட்டு எறியலாம். ஆனால் ஈட்டி 1 பொற்காசு, 3 பவுண்டு, சாதாரண ஆள்கூடப் பிடிக்கலாம். சூலம் 5 பொற்காசு, 4 பவுண்டு, போர்ப்பயிற்சி பெற்றவர் மட்டுமே திறம்படப் பிடிக்கலாம். ஐந்து மடங்கு விலை கொடுத்து, ஒரு பவுண்டு கூடுதலாகச் சுமந்து, பயிற்சியும் எடுத்துக்கொண்டு வந்தால் கிடைப்பது அதே அடி. கூடுதலாக இருக்கும் இரண்டு முனைகளுக்கும் அலங்காரம் தவிர வேறு வேலையில்லை.

வேறு ஊரில் இது ஒரு கணக்குப் பிழை. கபாலீசுவரர் கோயிலுக்கு நடந்து போகும் தூரத்தில் இது குடும்பத் தகராறு. மகன் கையில் வேல், தகப்பன் கையில் சூலம். மேசையில் இருந்த கல்லூரி மாணவர் ஒருவர், "என்னண்ணா, அப்பாவை ஏமாத்தி வித்திருக்காங்க" என்றார். அம்மன் கோயில் சூலத்தில் செய்வதுபோல நடுமுனையில் ஓர் எலுமிச்சம்பழம் குத்தினால் சேதத்தோடு ஒன்று கூட்டிக்கொள்ளலாம் என்று அவரே ஒரு திருத்தம் கொண்டுவந்தார். எலுமிச்சை விலை ஏறும் கோடைக்காலத்தில் சமநிலை குலையும் என்ற காரணத்தால் அது நிராகரிக்கப்பட்டது. சூலத்துக்கான நீதி 2024 பதிப்பில்தான் கிடைத்தது: ஒரு கையில் எட்டு முகம், இரு கையில் பத்து.

ஆனால் பகடையைப் பெரிதாக்குவதுதான் நீதியா? பெரும்பாலான வீட்டுச் சட்டங்கள் இந்த ஒரே மருந்தைத்தான் எழுதித் தருகின்றன. பிச்சுவாவுக்கு நான்கு முகம் போதாதா, ஆறு முகம் கொடு. அடுத்த வாரம் குறுவாள்காரர் வருவார், தனக்கும் அதே ஆறுதானே என்பார். அவருக்கு எட்டு. பிறகு நீள்வாள்காரர். இட ஒதுக்கீட்டு வழக்குகளில் அனுபவமுள்ள வழக்கறிஞர் ஒருவர் எங்கள் மேசையில் இருந்திருந்தால் முதல் வாரமே எச்சரித்திருப்பார்.

கணக்கும் இதற்குத் துணை நிற்பதில்லை. நான்கு முகப் பகடையின் சராசரி 2.5, எட்டு முகத்தின் சராசரி 4.5. வாள் பிச்சுவாவைவிட 1.8 மடங்கு. இரண்டோடும் வீரனின் உடல்வலு 3 புள்ளி சேர்த்தால் 5.5, 7.5. இப்போது 1.36 மடங்குதான். வீரன் வளர வளர ஆயுதங்களுக்கு இடையிலான தூரம் சுருங்குகிறது. பத்தாம் நிலைக்குப் போனவன் பிச்சுவாவை ஏளனம் செய்வது தன் தோள்களை மறந்த செயல்.

இதைவிட நுட்பமான ஒரு சட்டம் நம் பாட்டிமார்களிடம் இருக்கிறது. தாயத்தில் 1 விழுந்தால் இன்னொரு முறை உருட்டலாம். ஐந்து, ஆறு, பன்னிரண்டுக்கும் பெரும்பாலான வீடுகளில் அதே சலுகை. இதை ஆயுதப் பகடைக்குக் கொண்டுவருவோம்: உச்ச எண் விழுந்தால் அதை வைத்துக்கொண்டு மறுபடி உருட்டு, மறுபடியும் உச்சம் விழுந்தால் மறுபடியும் உருட்டு. நான்கு முகத்தின் சராசரி 2.5-லிருந்து 3.33 ஆகிறது, 0.83 லாபம். ஆறு முகத்துக்கு 0.7. எட்டு முகத்துக்கு 0.64. பன்னிரண்டு முகக் கோடரிக்கு 0.59. சிறிய பகடைக்கு உச்சம் அடிக்கடி விழுவதால் மானியம் தானாகவே இல்லாதவனுக்கு அதிகமாகவும் இருப்பவனுக்குக் குறைவாகவும் போய்ச் சேருகிறது. விண்ணப்பம் இல்லை, வருமானச் சான்றிதழ் இல்லை. தாயக்கட்டையே ஒரு நான்கு முகப் பகடைதான் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். ஒரு பக்கம் வெறுமை, மற்றவற்றில் 1, 2, 3. வெறுமையை 4 என்று எண்ணிக்கொண்டால் போதும். கூம்பு வடிவில் கடையில் விற்கும் நான்கு முகப் பகடை உருள்வதே இல்லை, விழுந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது.

கவண் வழக்கு சுருக்கமானது. நான்கு முகம், பட்டியலின் மிக மலிவான ஆயுதங்களில் ஒன்று, கேலிக்கு ஆளானது. எதிர்ச்சாட்சி வள்ளி. தினைப்புனத்துப் பரணில் கவணோடு நின்றவளிடம் வேலோடு வந்தவர் தனியாக எதையும் சாதிக்க முடியாமல் யானை உருவில் அண்ணனை அழைக்க வேண்டியதாயிற்று. வழக்கு முடிந்தது.

வலை வழக்குத்தான் நீளமானது.

2014 விதி இப்படிப் போகிறது. வலையைச் சிரமமின்றி எறிய 5 அடி, அதிகபட்சம் 15 அடி. 5 அடியைத் தாண்டினால் தொலைவு காரணமாக இடையூறு: இரண்டு பகடை உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டும். சரி, 5 அடிக்குள் நிற்கலாம் என்றால், எதிரி அவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது எறியும் ஆயுதம் எதற்கும் அதே இடையூறு. ஆக வலை எறியச் சரியான தூரம் என்று உலகத்தில் ஓர் இடமே இல்லை. பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள வீச்சு கால் பங்காகிவிடுகிறது. இதை எழுதியவர் ஒருவரும் வலை வீசிப் பார்த்ததில்லை என்று துணிந்து சொல்வேன். அடையாற்று முகத்துவாரத்தில் வீச்சுவலைக்காரர் நிற்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஓரம் முழுக்க ஈயக் குண்டு கோத்த வலை காற்றில் வட்டமாக விரிய இடம் வேண்டும். காலடியில் இருக்கும் மீனுக்கு வீசினால் வலை விரியாது, பொட்டலமாகத்தான் விழும். பத்துப் பதினைந்து அடிதான் அதன் சொந்த ஊர். புத்தகம் அந்த ஊரையே தடைசெய்திருக்கிறது.

சேதக் கோட்டைப் பற்றி ஒன்று. எமனுடைய பாசக்கயிற்றுக்கும் சேத எண் கிடையாது. கட்டுவது மட்டும்தான் அதன் வேலை. அதைப் பலவீனமான ஆயுதம் என்று எழுதியவர் யாருமில்லை. திருக்கடையூரில் மட்டும், மார்க்கண்டேயனுக்கு எறிந்தது லிங்கத்தின் மீதும் விழுந்து, ஒரே வீச்சில் இரண்டு இலக்கு என்ற விதிமீறலுக்காக நடுவர் எழுந்துவந்து உதைத்தார்.

அடுத்தது அளவுப் பிரச்சினை. வலை பெரிய உருவம்வரை செல்லும், பேருருவத்துக்குச் செல்லாது. விளையாட்டின் விலங்குப் பட்டியலில் வேட்டைச்சுறா பெரிய உருவம், ராட்சதச்சுறா பேருருவம். இங்கேதான் பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் ஆய்வுக்குள் நுழைகிறது. வலை வீசின படலத்தில் நந்தி சுறாவாகிக் கடலைக் கலக்குகிறார். பரதவர் வலைகள் ஒன்றும் பலிக்கவில்லை. அதைப் பிடிப்பவனுக்கு என் மகள் என்று தலைவன் அறிவிக்கிறான். மகள் உமை. மீனவ இளைஞனாக வந்த இறைவன் வலை வீசிப் பிடிக்கிறார். நந்தி வேட்டைச்சுறாவா, ராட்சதச்சுறாவா? வேட்டைச்சுறா என்றால் பரதவரின் தோல்விக்கு மேற்சொன்ன இடையூறு விதியே போதுமான விளக்கம், இறைவனுக்கு இருபது விழுந்திருக்கிறது. ராட்சதச்சுறா என்றால் நடந்தது சட்டப்படி செல்லாது, திருமணமும் சிக்கலுக்குள்ளாகிறது. இரண்டாம் முடிவை ஏற்க இவ்வாய்வாளர் தயாரில்லை. மயிலாப்பூர் பக்கம் தினமும் போய்வர வேண்டியிருக்கிறது.

சூலமும் வலையும் ஒருவர் கையிலேயே இருந்ததற்கு மேற்கிலும் சாட்சி உண்டு. ரோமாபுரி அரங்கில் ரெட்டியாரியஸ் என்ற வகை வீரன் வலை, சூலம், குறுங்கத்தி மூன்றோடு, தலைக்கவசம்கூட இல்லாமல் இறங்குவான். நம் பட்டியலின் கடைநிலை மூன்றும் அவனிடம். எதிரில் வருபவன் பெருங்கேடயமும் வாளும் கொண்ட செகுடோர். அவன் தலைக்கவசத்தை வலை சிக்காதபடி வழவழப்பாகவும், சூலமுனை நுழையாதபடி சின்னக் கண்துளைகளோடும் செய்தார்கள். பலவீனமான ஆயுதத்துக்கு எதிராக ஒரு தொப்பியையே மாற்றி வடிவமைக்க வேண்டியிருந்தது என்றால் அந்த ஆயுதத்தின் தகுதியைப் பற்றி மேலும் விவாதிக்க வேண்டாம்.

2024 பதிப்பு வலையை ஆயுதப் பட்டியலிலிருந்தே எடுத்து, கயிறு, லாந்தர் முதலான பயணச் சாமான்களோடு வைத்துவிட்டது. பதவியிறக்கம் போலத் தெரிந்தாலும் நல்ல இடமாற்றம். 15 அடிக்குள் இடையூறு இல்லாமல் வீசலாம், தப்புவது எதிரியின் சுறுசுறுப்பைப் பொறுத்தது. சிக்கிய ஓகர் அரக்கன் 19 வலுவோடு நான்கில் மூன்று முறை பிய்த்துக்கொண்டு வந்துவிடுவான் என்பது உண்மை. ஆனால் பிய்ப்பதற்கு அவன் தன் முறையைச் செலவழித்தாக வேண்டும். வலை உயிரை எடுப்பதில்லை, எதிரியின் நேரத்தை எடுக்கிறது. சேதக் கட்டத்தில் எழுத முடியாதது அதுதான். மயிலாப்பூர்க்காரர் என்று நம்பப்படும் வள்ளுவர் காலமறிதல், இடனறிதல் என்று அடுத்தடுத்து 49, 50-ஆம் அதிகாரங்களை வைத்தார். இருபது குறளிலும் பகடை எண் ஒன்றுகூட இல்லை.

ஆகவே பட்டினப்பாக்கம் மேசையின் சட்டம் பின்வருமாறு. மெலிந்த ஆயுதத்தின் பகடையைத் தொடாதே, அதற்கு வேலை செய்ய ஓர் இடம் கொடு. மாடிப்படியில் சைக்கிளும் தண்ணீர் டிரம்மும் நிற்கும் குடியிருப்புக்குள் சண்டை என்றால் பெருங்கோடரிக்கு இடையூறு, பிச்சுவாவுக்கு இல்லை. வலை 10 முதல் 15 அடிவரை தடையின்றிச் செல்லும், 5 அடிக்குள் மட்டும் இடையூறு. பேருருவத்தின் மீதும் வீசலாம், ஆனால் கயிறு வீசியவர் மணிக்கட்டில் கட்டியிருப்பதால் எதிரி ஓடினால் இழுபட்டுப் போவது அவரே. வலை கிழிந்தால் அந்த இரவு அவர் தூங்கக்கூடாது, உட்கார்ந்து தைக்க வேண்டும். சலுகையும் அதற்கான விலையும் சேர்ந்தே இருப்பதால் இதுவரை நீள்வாள்காரர்கள் வழக்குத் தொடுக்கவில்லை.

மறுப்புள்ளவர்கள் சனிக்கிழமை மாலை நேரில் வரலாம். பென்சில், தாயக்கட்டை கொண்டுவரவும். கூம்பு வடிவப் பகடை வேண்டாம், மேசையிலிருந்து தரையில் விழுந்தால் காலில் குத்துகிறது.